குறையைச் சபையில் வைத்தல்: சமண ஆலோசனை முதல் இன்றைய மேடை வரை

பேசுபவரோ கதை சொல்பவரோ தம் அச்சத்தையும் தோல்வியையும் குற்றத்தையும் கேட்போர் முன் மறைக்காமல் வைக்கும்போது அவருடைய சொல் வலுப்பெறுகிறதா, அல்லது அவர்மீது இருந்த மதிப்பே குறைந்துவிடுகிறதா என்னும் கேள்வி, கடந்த பதினைந்து ஆண்டுகளாகப் பேச்சுப் பயிற்சியிலும் நிர்வாகப் பயிற்சியிலும் உளவியலிலும் ஓயாமல் எழுப்பப்பட்டு வருகிறது. அமெரிக்கச் சமூகப்பணி ஆய்வாளர் பிரனே பிரவுன் 2010இல் ஹூஸ்டன் நகரில் ஆற்றிய டெட்எக்ஸ் உரை உலகெங்கும் பரவியதற்குப் பின், மனம் திறந்து பேசுவது ஒரு பண்பாக மட்டுமன்றிக் கற்றுக்கொள்ளத்தக்க ஒரு உத்தியாகவும் போதிக்கப்படுகிறது. உத்தி என்று ஆனவுடன் அதில் போலியும் நுழைந்துவிடுகிறது என்பதால், உண்மையான வெளிப்பாட்டையும் நடிப்பையும் எவ்வாறு பிரித்தறிவது என்பதே இப்பொருளின் மையச் சிக்கலாகிறது. இக்கட்டுரையில் ‘குறையைச் சபையில் வைத்தல்’ என்று குறிக்கப்படுவது, பிறர் தம்மைப் புண்படுத்தப் பயன்படுத்தக்கூடிய ஒரு செய்தியை ஒருவர் தாமே முன்வந்து அவர்கள் கையில் கொடுப்பதாகும். இழப்பதற்கு ஏதும் இல்லாத இடத்தில் சொல்லப்படும் குறை இந்த வரையறைக்குள் வராது.

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணிக்கு அருகிலுள்ள திருமலை, இந்தக் கேள்வியின் இரு முனைகளையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க உதவும் ஊராகும். பாறையில் ஏறத்தாழ 16 மீட்டர் உயரத்துக்குச் செதுக்கப்பட்ட நேமிநாதர் உருவமும், முதலாம் இராசராசனின் தமக்கை குந்தவையின் பெயரால் அமைந்த குந்தவை ஜினாலயமும், 1998இல் தொடங்கப்பட்ட அரகந்தகிரி திகம்பர சமண மடமும் அங்கு உள்ளன. அதே மலையில்தான் முதலாம் இராசேந்திரனின் பதின்மூன்றாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அவன் வென்ற நாடுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் செல்கிறது. மெய்க்கீர்த்தி எனப்படும் இவ்வகை, அரசனின் புகழை மட்டும் கூறும் அதிகாரபூர்வமான முன்னுரையாகும். அதில் தோல்வி இல்லை, தயக்கம் இல்லை, தவறிய படையெடுப்பு இல்லை. ஆனால் அந்தக் கல்லைத் தாங்கி நிற்கும் மலை எந்தச் சமயத்தாருக்கு உரியதோ அவர்கள், தம் குற்றத்தைத் தாமே எடுத்துரைப்பதை அன்றாட ஒழுக்கமாக வகுத்தவர்கள். பொதுப்பேச்சின் இரு பெரும் வழிகள், அதாவது குறையே அற்றவராகத் தோன்றிப் பேசுவதும் குறையோடு வந்து நிற்பதும், இங்கு ஒரே பாறையைப் பகிர்ந்துகொள்கின்றன.

சமணத் துறவியர்க்கு விதிக்கப்பட்ட ஆறு இன்றியமையாக் கடமைகளுள் ஒன்று பிரதிக்கிரமணம், அதாவது நடந்த தவறுகளிலிருந்து பின்வாங்கித் திரும்புதல். பிராயச்சித்த வகைகளுள் முதலாவதாக வைக்கப்படுவது ஆலோசனை, அதாவது செய்த குற்றத்தை ஆசாரியரிடம் எதையும் ஒளிக்காமல் எடுத்துரைத்தல். இன்று நாம் அறிவுரை என்ற பொருளில் வழங்கும் சொல்லுக்கு அந்நூல்களில் உள்ள பொருள் இதுவே. திகம்பர மரபின் பழம்பெரும் பிராகிருத நூல்களுள் ஒன்றான சிவாரியரின் பகவதி ஆராதனை, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காதைகளில் துறவியின் இறுதிக்கால ஒழுக்கத்தை விரித்துரைக்கையில், ஆலோசனையில் நேரக்கூடிய பத்துக் குற்றங்களை எடுத்துப் பேசுகிறது. குற்றத்தை மறைப்பது பிழை என்பது எவருக்கும் தெரிந்ததே. ஆனால் குற்றத்தைச் சொல்லும் செயலுக்குள்ளேயே பத்து வகைப் பொய் ஒளிந்திருக்க முடியும் என்று கண்டதுதான் அம்மரபின் நுட்பம். இன்றைய பேச்சுப் பயிற்சி நூல்கள் பலவற்றில் கிட்டாத கூர்மை இந்தப் பகுப்பில் இருப்பதால், அதைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும்.

முதல் இரண்டு குற்றங்களும் இரக்கத்தைத் தேடுவதால் வருபவை. பணிவிடையாலும் காணிக்கையாலும் ஆசாரியரின் மனத்தை முன்கூட்டியே இளக்கி வைத்துக்கொண்டு பின்னர்க் குற்றத்தைச் சொல்வது ஒன்று. தாம் உடல் நலிந்தவர், கடுந்தவத்தைத் தாங்க இயலாதவர் என்பதை உணர்த்தி, கிடைக்கப்போகும் தண்டனை எவ்வளவு என்று நாடி பிடித்துப் பார்த்த பிறகே வாய் திறப்பது மற்றொன்று. அடுத்த மூன்றும் தேர்ந்தெடுத்துச் சொல்வதால் வருபவை: பிறர் கண்ணில் பட்டுவிட்ட குற்றத்தை மட்டும் சொல்லிக் காணாததை விட்டுவிடுதல், பெரியவற்றை மட்டும் சொல்லிச் சிறியவற்றைப் புறக்கணித்தல், சிறியவற்றை மட்டும் சொல்லிப் பெரியவற்றைப் புதைத்தல். இவற்றுள் கடைசியானது மிகவும் தந்திரமானது. இத்தனை நுண்ணிய பிழையையும் ஒப்புக்கொள்பவர் பெரும்பிழையை மறைப்பாரா என்ற நம்பிக்கையைக் கேட்பவரிடம் அது விதைத்துவிடுகிறது. ஒருவர் இப்படிச் செய்தால் அவருக்கு என்ன பிராயச்சித்தம் என்று மூன்றாம் மனிதரின் கதையாக்கிக் கேட்பதும், பலர் கூடி இரைச்சலிடும் வேளையில் காதில் விழாதபடி சொல்லி முடிப்பதும், ஓர் ஆசாரியர் விதித்ததைப் பலரிடம் கொண்டுபோய்ச் சரிபார்ப்பதும், பக்குவமற்றவரிடம் சொல்வதும், அதே குற்றத்தைச் செய்த ஒருவரைத் தேடிப்பிடித்துச் சொல்வதும் எஞ்சிய ஐந்து.

இந்தப் பத்தையும் இன்றைய மேடைக்குக் கொண்டுவந்து நிறுத்தினால், அவற்றின் முகங்கள் உடனே அடையாளம் தெரிகின்றன. காணொளி வெளியான பின்பு மட்டும் வருத்தம் தெரிவிக்கும் அரசியல்வாதி, பிறர் கண்டதை மட்டும் ஒப்புக்கொள்பவர். அளவுக்கு மீறி உழைப்பதே தம் பலவீனம் என்று நேர்முகத் தேர்வில் கூறுபவர், சிறியதை மட்டும் சொல்பவர். உரையின் முதல் நிமிடத்திலேயே கண்ணீர்க் கதையை வைத்துவிட்டு அதன் ஈரம் காயுமுன் தம் சரக்கை விற்பவர், மனத்தை முன்கூட்டி இளக்குபவர். வெற்றி பெற்ற தொழில்முனைவோர் தம் பழைய தோல்வியைப் பேசுவதும் பெரும்பாலும் இந்த வரிசையிலேயே சேரும், ஏனெனில் வெற்றியால் ஏற்கெனவே துடைக்கப்பட்டுவிட்ட தோல்வியை வைத்து யாரும் அவரைப் புண்படுத்த முடியாது. அப்பேச்சு பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை; கேட்போருக்கு அது ஊக்கம் தரலாம். ஆயினும் அதைத் துணிவு என்று அழைப்பது, உண்மையாகவே துணிந்தவர்களுக்கு இழைக்கும் அநீதியாகும்.

தமிழிலக்கிய மரபில் இதனோடு நெருங்கிய உறவுடையதாகத் தோன்றுவது அவையடக்கம். தொல்காப்பியச் செய்யுளியலிலேயே இடம்பெற்றுவிட்ட இவ்வழக்கின்படி, புலவர் தம் நூலின் தொடக்கத்தில் தம் அறியாமையையும் நூலின் குறைகளையும் தாமே கூறி அவையோரின் பொறுமையை வேண்டுகிறார். சமணத் துறவியான திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியிலும் கம்பரின் இராமாயணத்திலும் அவையடக்கம் உண்டு. ஆனால் பெருங்காப்பியத்தை முடித்துக் கையில் வைத்திருக்கும் ஒருவர் தம்மை அறிவிலி என்று சொல்வதை அவையில் எவரும் நம்புவதில்லை, நம்பவேண்டும் என்று அவரும் எதிர்பார்ப்பதில்லை. அது பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையே செய்யப்படும் ஒரு மரியாதை ஒப்பந்தம். இன்றும் ‘நான் பெரிய பேச்சாளன் அல்லன்’ என்று தொடங்கும் மேடைப் பேச்சு அந்த ஒப்பந்தத்தின் தேய்ந்த வடிவமேயாகும்.

பக்தி இயக்கத்தில் நிலை வேறு. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த திருநாவுக்கரசர், மரபுவழிச் செய்தியின்படி, தருமசேனர் என்ற பெயரில் சமணத் துறவியாக இருந்து, சூலை நோயால் வருந்தித் தமக்கை திலகவதியாரை நாடி வந்து, திருவதிகையில் சைவத்துக்குத் திரும்பியவர். அவருடைய பதிகங்கள் பலவற்றில் ஓயாது ஒலிக்கும் தன்னிரக்கமும் தற்குற்றம் கூறலும், சமணப் பள்ளியில் பயின்ற ஆலோசனை ஒழுக்கத்தின் தொடர்ச்சியா என்று கேட்கத் தோன்றுகிறது. அதனை உறுதிப்படுத்தச் சான்று இல்லையாயினும், அமைப்பில் நேர்ந்த மாற்றம் தெளிவானது: தனி அறையில் ஆசாரியரின் செவிக்கு மட்டும் உரியதாக இருந்த குற்ற உரை, இங்குக் கோயில் முற்றத்தில் பண்ணோடு பாடப்படும் பொதுச்சொத்தாகிறது. ஒருவர் தம் வாழ்வை எண்ணிப் பாடியதை ஓராயிரம் பேர் திரும்பப் பாடும்போது, ஒவ்வொருவரும் தம் குறையை அந்தத் தன்மை ஒருமைக்குள் வைத்துக்கொள்கின்றனர். பேசுபவர் தம் புண்ணைக் காட்டியதால் கேட்பவருக்குத் தம் புண்ணைப் பற்றிப் பேச ஒரு மொழி கிடைப்பதுதான் இவ்வகை வெளிப்பாட்டின் மிகப்பெரிய ஆற்றல் என்றால், தமிழில் அதனை முதலில் பெருந்திரளுக்குச் சாத்தியமாக்கியவர்கள் இந்தப் பாடகர்களே. அதே பதிகங்கள் சமணரைக் கடுமையாகச் சாடவும் பயன்பட்டன என்பதையும் திருமலையைப் பற்றிய கட்டுரை மறைக்கலாகாது. தன் குற்றத்தை உணர்ந்து உருகும் மனம், பிறரிடத்தும் அதே கனிவைக் காட்டும் என்பதற்கு உறுதியில்லை.

திருமலை அமைந்துள்ள திருவண்ணாமலை மாவட்டத்தின் இன்னொரு பெரும் கதைசொல் மரபு தெருக்கூத்து. செய்யாறு வட்டாரத்துப் புரிசைக் கிராமம் கண்ணப்ப தம்பிரான் பரம்பரையால் இந்திய அளவில் அறியப்பட்டது. வட தமிழகத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடைபெறுகையில், துகிலுரிதல் காட்சி வந்ததும் துச்சாதன வேடமிட்டவர் அம்மனை வணங்கி, தாம் வேடதாரி மட்டுமே என்று பொறுத்தருள வேண்டிக்கொண்ட பின்னரே சேலையைத் தொடும் வழக்கம் உண்டு. அந்த ஒரு கணத்தில் பாத்திரம் விலகி, அச்சமுற்ற ஒரு மனிதர் சபை முன் நிற்கிறார். கதையின் பிடி அதனால் தளர்ந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். நிகழ்வதோ அதற்கு நேர்மாறானது. நடிகரே அஞ்சும் செயல் அடுத்து நடக்கப்போகிறது என்பதை அவையோர் அறிந்துகொள்வதால், காட்சியின் கனம் பன்மடங்காகிறது.

ஒப்பாரியும் இங்குக் கருதத்தக்கது. இறந்தவரைப் பற்றிய புலம்பலாகத் தொடங்கும் அது, பாடும் பெண் தன் கணவன் வீட்டுக் கொடுமையையும் பிறந்த வீட்டாரின் புறக்கணிப்பையும் ஊரறியச் சொல்லும் வாய்ப்பாக விரிவதை, தமிழக ஒப்பாரிகளை ஆராய்ந்த மானிடவியலாளர் இசபெல் கிளார்க்-தெசே உள்ளிட்டோர் பதிவு செய்துள்ளனர். மற்ற நாள்களில் அதைச் சொன்னால் குடும்ப மானத்தைக் கெடுத்தவள் என்ற பழி வரும்; சாவு வீட்டில் பாட்டின் வடிவம் அவளுக்குக் காப்பாகிறது. வலியைப் பொதுவில் வைப்போருக்கு ஒரு வடிவத்தின் காப்புத் தேவை என்பதை உழைக்கும் பெண்கள் எந்தப் பயிற்சி நூலும் இன்றி அறிந்திருந்தனர்.

நவீன மேடைப் பேச்சின் வரலாறு இந்த மரபுகளிலிருந்து பெரும்பாலும் விலகியே சென்றது. மெதடிஸ்ட் மறைபரப்பாளர் பீட்டர் பெர்சிவலுடன் பணியாற்றிய ஆறுமுக நாவலர், 1847இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலில் தொடங்கிய சைவப் பிரசங்கம், பொதுமக்களை நோக்கிய தமிழ் உரைநடைப் பேச்சின் தொடக்கங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. கிறித்தவப் பிரசங்கத்தின் அமைப்பை அது எடுத்துக்கொண்டது. ஆனால் விசுவாசி எழுந்து நின்று தன் பழைய வாழ்வைச் சொல்லும் சாட்சி மரபு சைவ மேடைக்கு வரவில்லை. இருபதாம் நூற்றாண்டில் அண்ணாவும் அவர் வழிவந்தோரும் வளர்த்த அடுக்குமொழிச் செந்தமிழ் நடையை மதுரையில் ஆராய்ந்து 2009இல் நூலாக்கிய பெர்னார்டு பேட், அந்நடை பேச்சாளரைச் சாதாரண மனிதரிலிருந்து உயர்த்திக் காட்டும் அழகியலைக் கொண்டது என்று விளக்கினார். நாடகத்தன்மை வாய்ந்த அம்மொழியில் மக்களின் துயரம் பேசப்பட்டது, இனத்தின் இழிவு பேசப்பட்டது. தலைவரின் சொந்தத் தடுமாற்றம் அரிதாகவே பேசப்பட்டது. ஒருவகையில் மெய்க்கீர்த்தி மீண்டும் மேடையேறியது. பேச்சுவழக்கில், அலங்காரமின்றி, தாம் சொல்வதற்காக எதையும் நம்பவேண்டாம் என்று கேட்போரிடமே சொல்லிவந்த பெரியாரின் நடை இதற்கு ஒரு முக்கியமான விலக்கு.

இந்தியப் பொதுவாழ்வில் குறையைச் சபையில் வைத்தலை அரசியல் முறையாகவே ஆக்கியவர் காந்தி. 1925 முதல் 1929 வரை நவஜீவன் இதழில் தொடராக வந்த அவருடைய தன்வரலாறு, தமையனின் தங்கக் காப்பிலிருந்து பொன்னை வெட்டியெடுத்ததையும், பதினைந்தாம் வயதில் அதைத் தந்தைக்கு எழுதிக் கொடுத்ததையும், பம்பாய் வழக்குமன்றத்தில் முதல் வழக்கில் நா எழாமல் உட்கார்ந்துவிட்டதையும் மறைக்கவில்லை. தந்தைக்கு அளித்த அந்தத் தாளைப் பகவதி ஆராதனையின் பத்துக் குற்றங்களால் சோதித்துப் பார்த்தால் அது தேறிவிடுவது வியப்பளிக்கிறது: தந்தை அறியாத குற்றம் அது, மூன்றாம் மனிதரின் கதையாக்கப்படவில்லை, தண்டனையைக் குறைக்க வேண்டாது அதைத் தானே கேட்டது. காந்தி தம் ஆன்மிக வழிகாட்டிகளுள் ஒருவராக மதித்த ராய்ச்சந்த் சமணர் என்பதும், குஜராத்தின் சமணச் சூழலில் அவர் வளர்ந்தார் என்பதும் தற்செயலாக ஒதுக்கத்தக்கவையல்ல. 1919இல் சத்தியாகிரகத்துக்குப் போதிய பயிற்சியில்லாத மக்களைச் சட்டமறுப்பில் இறக்கியது தம்முடைய இமாலயத் தவறு என்று அவர் நடியாத்தில் அறிவித்தபோது கேலிக்கு ஆளானார். இயக்கம் நடந்துகொண்டிருக்கையிலேயே, எதிர்த்தரப்பு அதைப் பயன்படுத்தும் என்று தெரிந்தே சொல்லப்பட்டதால், அது முன்பு தரப்பட்ட வரையறையை முழுமையாக நிறைவுசெய்கிறது.

ஆய்வுக்கூட உளவியல் இந்தப் பொருளில் கண்டவை சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். எலியட் ஆரன்சனும் உடனாய்வாளர்களும் 1966இல் வெளியிட்ட சோதனையில், வினாக்களில் 92 விழுக்காட்டுக்குச் சரியாக விடையளித்த ஒருவர் காப்பியைத் தம்மீது கொட்டிக்கொண்டபோது கேட்போருக்கு அவர்மீது விருப்பம் கூடியது. 30 விழுக்காடு மட்டுமே விடையளித்தவர் அதே தவறைச் செய்தபோது விருப்பம் குறைந்தது. மான்ஹைம் பல்கலைக்கழகத்தின் அன்னா ப்ரூக் குழுவினர் 2018இல் காட்டியது, மனிதர் தம் மனந்திறப்பைப் பலவீனமாகவும் பிறருடையதைத் துணிவாகவும் மதிப்பிடுகின்றனர் என்பது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் மாணவர்களை நான்கு நாள்கள், நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம், தம் ஆழ்ந்த துயரைப் பற்றி எழுதச் செய்ததில், எழுதியவுடன் மனம் கனத்தாலும் பின்வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரை நாடியது குறைந்தது. இவற்றுள் ஆரன்சனின் முடிவு பெரும்பாலும் பாதி மட்டுமே மேற்கோள் காட்டப்படுகிறது. ஏற்கெனவே உயர்வாக மதிக்கப்படுபவருக்கே குறை அழகு சேர்க்கிறது என்ற மறுபாதி, சாதியும் பாலினமும் வகுப்பும் மதிப்பை முன்கூட்டியே பங்கிட்டுவிடும் நம் சமூகத்தில் மிகவும் கசப்பான உண்மையாகிறது.

அந்த மறுபாதியை எதிர்த்து எழுதப்பட்டவையே தமிழின் அண்மைக்காலத் தன்வரலாறுகளில் மிக முக்கியமானவை. பாமாவின் கருக்கு 1992இல் வெளிவந்தபோது, கன்னியர் மடத்தை விட்டு வெளியேறி வேலையும் பாதுகாப்பும் இன்றி நின்ற ஒரு தலித் பெண், தம் ஊர்ப் பேச்சுமொழியிலேயே தம் அவமானத்தையும் பசியையும் திருச்சபைக்குள் நிலவிய சாதியையும் எழுதினார். அவருடைய சொந்த ஊராரே முதலில் சினந்தனர்; பின்னர் அந்நூல் பாடத்திட்டங்களிலும் லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் மொழிபெயர்ப்பு வழியாக உலக வாசகரிடமும் சென்றது. திருநங்கையரான அ. ரேவதியும் லிவிங் ஸ்மைல் வித்யாவும் அதற்குப் பின் எழுதிய நூல்களுக்கும் இதே இயல்பு உண்டு. மேலே நிற்பவர் குறையைச் சொன்னால் எளிமை என்றும், கீழே நிறுத்தப்பட்டவர் சொன்னால் புலம்பல் என்றும் பெயரிடும் வழக்கத்தை இவர்கள் உடைத்தது, கேட்பவர் தரவிருந்த இரக்கத்தை மறுத்ததன் மூலமே. கருக்கு இரக்கம் கேட்கவில்லை, கணக்குக் கேட்டது.

பகவதி ஆராதனையின் பத்தாவது குற்றம் இந்த இடத்தில் ஒரு கடினமான கேள்வியை எழுப்புகிறது. அதே குற்றம் செய்தவரிடம் சொல்வது பிழை என்று அந்நூல் கூறுவது, இருவரும் ஒருவரையொருவர் மன்னித்துக்கொண்டு குற்றத்தை இலகுவாக்கிவிடுவர் என்ற அச்சத்தால். ஆனால் 1935இல் ஓஹாயோ மாநிலத்து ஆக்ரனில் பில் வில்சனும் மருத்துவர் பாப் ஸ்மித்தும் தொடங்கிய குடிநோயாளர் தோழமை அமைப்பு, அதே நோயுற்றவரிடம் மட்டுமே உண்மை வாய்திறக்கும் என்ற அனுபவத்தின்மீது கட்டப்பட்டது. தமிழகத்தில் 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்களிலும், கடனைப் பற்றி வீட்டுக்குள்ளேயே முணுமுணுத்துவந்த பெண்கள் ஒரே வட்டத்தில் அமர்ந்து ஒருவர் கடனை ஒருவர் அறியக் கூறுவது, அனைவரும் கடன்பட்டவர் என்பதனால்தான் கூடிற்று. இருபார்வைகளும் முரண்படுவதாகத் தோன்றினாலும், சமண நூல் பேசுவது செய்த குற்றத்தைப் பற்றி, இவை பேசுவது பட்ட துன்பத்தைப் பற்றி என்று கொண்டால் சிக்கல் பெருமளவு அவிழ்கிறது. துன்பத்துக்குத் துணை வேண்டும்; குற்றத்துக்குத் தன்னைப் போலல்லாத ஒரு சாட்சி வேண்டும். இவ்விரண்டையும் கலந்துவிடுவதால்தான், பிறருக்குத் தீங்கு செய்தவர் தம் மன உளைச்சலைப் பேசிக் கைதட்டல் பெறும் காட்சி இன்று மேடைகளில் நேர்கிறது.

கேட்பவரைப் பற்றியும் அந்நூல் பேசுகிறது என்பது அதன் தனிச்சிறப்பு. ஆலோசனையைப் பெறும் ஆசாரியருக்கு எட்டுத் தகுதிகளை அது விதிக்கிறது. தாமே ஒழுக்கத்தில் நிற்றல், நூலறிவு, தயங்குபவரிடமிருந்து உண்மையை வெளிக்கொணரும் திறன், கலங்கியவரைத் தேற்றும் திறன் என்பவற்றோடு, அபரிஸ்ராவி, அதாவது கேட்டதை வெளியே கசியவிடாதவராயிருத்தல் என்பதும் அவற்றுள் ஒன்று. பேசுபவரின் துணிவைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதும் இன்றைய நூல்கள் கேட்பவரின் இந்தக் கடமையைத் தொடுவதே இல்லை. ஒவ்வொரு கையிலும் பதிவுக்கருவி இருக்கும் அரங்கில், சபை என்பது எல்லைகளற்றுப் பரந்துவிட்டது. அன்று அந்த அறையில் இருந்தவர்களை நம்பிச் சொல்லப்பட்டது மறுநாள் சூழல் அறுபட்ட துண்டாக யாரிடமும் போய்ச் சேரலாம். கல்லூரிகளின் ஆளுமை வளர்ச்சிப் பயிற்சிகளில், முதல் தலைமுறையாகப் படிக்க வந்த மாணவரை எழுப்பி, உன் வாழ்வின் பெரிய வலியைச் சொல் என்று முப்பது பேர் முன் கேட்கும் பழக்கம் பரவி வருகிறது. கேட்கும் பயிற்றுநர் தம் வலியைச் சொல்வதில்லை. அறையில் உள்ள கைப்பேசிகளை அணைக்கச் சொல்வதில்லை. குடும்பக் கடனையோ தந்தையின் குடியையோ வகுப்பறிய உடைத்துச் சொன்ன அந்த மாணவர் மறுநாள் அதே வகுப்பில் எப்படி உட்காருவார் என்பதற்குப் பொறுப்பேற்பதுமில்லை. திருமலையின் மரபு போற்றும் நூலின் அளவுகோலில், அந்தப் பயிற்றுநர் குற்றமோ துயரமோ கேட்கத் தகுதி பெறாதவர். அவரிடம் வாய்திறக்காமல் அமர்ந்துவிடும் மாணவர் எந்தக் குற்றமும் செய்தவராகார்.